மூன்றரை மணிக்கு வருகிறவர்கள்

ஒரு மனிதனை ஃபார்மட் செய்ய இருபது நிமிடம் போதும். அவனைத் திரும்ப ஆளாக்கத்தான் ஆறு மணி நேரம் பிடிக்கும். சிங்காநல்லூர் 'பாணி சிஸ்டம்ஸ்' கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சுகந்திக்கு இது பிடிபட்டுவிட்டது.

பத்து வருடத்துக்கு முன்னால் வந்த அந்தக் காய்ச்சலில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்தார்கள். பிழைத்தவர்கள் விழுங்கத் தெரியாமல், நடக்கத் தெரியாமல், பெற்ற பிள்ளையை யாரோ எவரோ என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காக வந்ததுதான் சில்லு. இடது காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்துவிடுவார்கள். வெளியே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் தெரியும். மூளையில் கருகிப்போன இடத்தின் வேலையை அது பார்த்துக்கொள்ளும். நல்ல பொருள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தானே! பலருக்கு மூன்று நான்கு வருடத்தில் குப்பை சேர்ந்து மந்தமாகிவிடும். சோற்றை வாயில் வைத்துக்கொண்டு ஆள் அப்படியே நின்றுவிடுவார். அப்புறம் துடைத்துவிட்டு மறுபடியும் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கடைக்காரர் தண்டபாணி, காய்ச்சலுக்கு முன்னால் மேஜைக் கம்ப்யூட்டர்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவர். "மேஜை போயி கட்டில் வந்துச்சு அம்மிணி. மத்தபடி அதே பொழப்புத்தான்" என்பார். துடைத்த சில்லில் என்னென்ன போட வேண்டும், எதற்குப் பின் எது என்று அவர் கைப்பட எழுதிய தாள் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது. முதலில் விழுங்குவது. அப்புறம் நிற்பது, நடப்பது, சூடு குளிர் தெரிவது, கக்கூஸுக்குப் போகத் தெரிவது. அதற்குப் பிறகுதான் தமிழ். பிறகு வழி கண்டுபிடிக்கிற சாப்ட்வேர், முகம் பார்க்கிற சாப்ட்வேர். கடைசியில் 'பரிச்சயம்' என்று ஒன்று. யாரைப் பார்த்தால் மனசு இளக வேண்டும், யாரிடம் தள்ளி நிற்க வேண்டும் என்று உள்ளேயிருந்து சொல்கிறது அதுதான்.

வில்லங்கமும் அதில்தான் இருந்தது. மற்றதெல்லாம் போட்டதும் வேலை செய்யும். பெயர், பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் பேக்கப்பிலிருந்து வந்துவிடும். ஆனால் கம்பெனி அனுப்பும் பரிச்சயம் வெறும் டப்பாவாகத்தான் வரும், அதுவாகப் பழகித்தான் நிரம்ப வேண்டும். ஃபார்மட் ஆன ஆள் கட்டிலிலிருந்து எழுந்து தன் பெண்டாட்டியைப் பார்த்து, "பேரு தெரியுது, ஊரு தெரியுது, ஆனா யாரோ மாதிரி இருக்குதுங்க" என்பார். அந்த அம்மாள் வாசலில் நின்று அழுவாள். சிலருக்கு ஆறு மாதத்தில் பழகும். சிலருக்குக் கடைசி வரைக்கும் பழகுவதேயில்லை.

சுகந்திக்கும் காதுக்குப் பின்னால் சில்லு உண்டு. அது இதுவரை மந்தமாகவில்லை, ஒரு தடவைகூடத் துடைக்க நேர்ந்ததில்லை. காய்ச்சல் வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அவள் மட்டும் தப்பினாள், பிறந்த வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. பிறகு தன்னைப் போலவே சில்லு வைத்த ஒருவனைக் கட்டினாள். மகள் பிறந்த மறுவருடமே அவனும் விபத்தில் போய்விட்டான். மிச்சம் இருப்பது ஆதிரை ஒருத்திதான். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. சுகந்தியின் சில்லில் பரிச்சயம் என்ற சாப்ட்வேர் பழகியதெல்லாம் அந்த ஒரு முகத்தைப் பார்த்துத்தான்.

கடைக்கு வருமுன் சுகந்தி ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். நாற்பது கம்ப்யூட்டருக்கு ஒவ்வொன்றாகவா போடுவார்கள்? ஒன்றில் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டு, அதை அப்படியே இமேஜ் எடுத்து மற்ற முப்பத்தொன்பதிலும் இறக்கிவிடுவார்கள். அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். வாசலில் அழுகிற பெண்டாட்டிகளைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், சுகந்தி ஒருநாள் தன் சில்லையே இமேஜ் எடுத்தாள். நன்றாகப் பழகிய பரிச்சயம், ரோட்டில் தடுமாறாத வழி சாப்ட்வேர். அதிலிருந்த தன் பெயர்கள், படங்கள், தேதிகள் எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்து அழித்தாள். பிறகு அதை வாடிக்கையாளர்களுக்கு இறக்கினாள்.

பலன் கைமேல் கிடைத்தது. முதல் ஆளே எழுந்து உட்கார்ந்து, பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். தண்டபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன மந்திரம் போட்டே அம்மிணி?" என்று கேட்டதற்கு, "இமேஜ்தானுங்கண்ணா" என்றாள். இரண்டு மாதத்தில் பத்தொன்பது பேருக்குப் போட்டாள்.

*

சுகந்தி தினமும் மூன்று மணிக்குக் கடையிலிருந்து கிளம்பிப் பள்ளிக்கூடத்துக்கு நடப்பாள். மூன்றரைக்கு மணியடிக்கும். அன்று வாசலில் நின்ற கூட்டத்தில் ஒரு தெரிந்த முகம் இருந்தது. ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் செல்லமுத்து. அறுபது தாண்டியவர், பெண்டாட்டி செத்துப் பல வருடம், பிள்ளை குட்டி கிடையாது. போன மாதம்தான் அவருக்கு ஃபார்மட் செய்தாள்.

"ஏனுங்க, இங்க எங்க வந்தீங்க? பேரப் பிள்ளைக ஆராவது படிக்கறாங்களா?"

செல்லமுத்து கொஞ்சம் வெட்கப்பட்டார். "இல்லீங் அம்மிணி. சும்மாதான். மூணு மணியானா பட்டறையில இருப்புக் கொள்ள மாட்டேங்குதுங்க. காலு தானா இந்தப் பக்கம் வந்துருது. இங்க வந்து நின்னா நெஞ்சு கொஞ்சம் அடங்குதுங்."

வயதானவர், தனிக்கட்டை, ஏதோ பொழுது போகாமல் வருகிறார் என்று சுகந்தி நினைத்துக்கொண்டாள். மறுநாள் அவரோடு மரகதம் நின்றாள். பீளமேட்டில் தையல் கடை வைத்திருப்பவள், அவளும் வாடிக்கையாளர்தான். அதற்கடுத்த நாள் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் பொன்னுசாமி. வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தபோது ஒன்பது பேர் இருந்தார்கள். ஒருவரையொருவர் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. தனித்தனியாக, கொஞ்சம் முறைப்பாகக்கூட, வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மணியடித்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஆதிரை தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தாள். ஒன்பது தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. ஒன்பது முகங்களிலும் சிரிப்பு வந்தது. முதலில் இடது பக்க உதடு மட்டும் ஏறி, பிறகு முழு வாயும் விரிகிற சிரிப்பு.

அது தன்னுடைய சிரிப்பு என்று சுகந்திக்குத் தெரிய இரண்டு நொடி ஆயிற்று. மகளை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டு, வந்த ஆட்டோவில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

*

"அதெப்பிடி அம்மிணி? எல்லாத்தையும் அழிச்சுட்டேன்னியே!" தண்டபாணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அழிச்சனுங்கண்ணா. பேரு, போட்டோ, பள்ளிக்கூடத்து அட்ரஸ், ஒண்ணு விடலை. ஆனா பாசம் போட்டோவுல இல்லீங்களே. அது பழகுன பழக்கத்துல இருக்குது. ஏழு வருசமா ஒரே பிள்ளையப் பாத்துப் பாத்து அந்த சாப்ட்வேர் பழகியிருக்குது. போட்டோவ எடுத்துப்போட்டா, அந்த எடம் காலியா இருக்குமே தவிர, அச்சு அப்பிடியேதான இருக்கும்?"

"சரி, பள்ளிக்கூடத்துக்கு எப்பிடி வர்றாங்க?"

"வழி சாப்ட்வேரும் என்னோடதுதானுங்க. மூணு மணிக்குக் காலு அங்க போகோணும்னு அதுக்குப் பழக்கம். போனவங்க வாசல்ல நிக்கறப்ப இவ வெளிய வர்றா. அச்சுல முகம் போயி உக்காந்துக்குது."

தண்டபாணி சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப அவுங்களுக்கெல்லாம்... உம்பட பிள்ளை மேல உன்ன மாதிரியேவா?"

சுகந்தி தலையை ஆட்டினாள். அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு நடுவே, சொன்னால் கேவலம், பொறாமையாகவும் இருந்தது. ஆதிரைக்குக் காய்ச்சல் அடித்தால் தான் எப்படி விடிய விடிய உட்கார்ந்திருப்பாளோ, அப்படியே லேத் பட்டறைக்காரரும் உட்கார்ந்திருப்பார் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு, எடுத்துட்டு, கம்பெனி டப்பாவப் போட்டுரலாமா?" என்றார் தண்டபாணி.

"கூப்பிட்டா வருவாங்களாண்ணா? நீங்க என்னைக் கூப்பிட்டா நான் வருவனா?"

*

சுகந்தி பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்தாள். என்னைத் தவிர யாரிடமும் பிள்ளையை விடக் கூடாது என்றாள். வாட்ச்மேனிடம் தனியாகச் சொன்னாள். வாட்ச்மேன் புதிதாகச் சேர்ந்தவர், நல்ல மனிதர், ஆனால் நல்ல மனிதர்களை ஏமாற்றுவது சுலபம்.

அடுத்த புதன்கிழமை கட்டிலில் கிடந்த ஆளுக்கு விழுங்குகிற சாப்ட்வேர் பாதியில் நின்றுவிட்டது. அப்படியே விட்டுவிட்டு வர முடியாது, ஆள் போய்விடுவான். சுகந்தி பள்ளிக்குப் போனபோது மணி மூன்று ஐம்பது. வாசல் காலியாக இருந்தது.

"உங்க வீட்டாளு ஒருத்தங்க முன்னமே வந்து கூட்டிட்டுப் போய்ட்டாங்களே!" என்றார் வாட்ச்மேன். "மிளகுன்னு கூப்டாங்க, பிள்ளையும் ஓடிப் போச்சு. வீட்ல கூப்பிடற பேரு வெளியாளுக்கு எப்பிடிங்க தெரியும்?"

சுகந்தி எழுதிக்கூட வைத்ததில்லை அந்தப் பெயரை. அழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் அது இல்லை. தினமும் நூறு தடவை நாக்கு சொல்லிப் பழகிய பெயர், தமிழோடு தமிழாக இமேஜில் போய்விட்டது.

அவள் ஓடினாள். திருச்சி ரோட்டைத் தொடுகிற முக்கில் கூட்டமாக இருந்தது. மரகதம் ஆதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு போவதை எதிரே வந்த பொன்னுசாமி பார்த்திருக்கிறார். "பிள்ளையத் திருடறா! பிடிங்க!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். பிள்ளையைத் திருட ஒருவன் ஓடி வருகிறான் என்று மரகதம் கல்லை எடுத்திருக்கிறாள். இரண்டு பேரும் நெஞ்சு பதற ஒரே பிள்ளையைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த அலறலில் மிரண்ட பிள்ளை கையை உதறிக்கொண்டு நடு ரோட்டுக்கு ஓடிவிட்டது.

நல்லவேளை, மோதியது ஸ்கூட்டர். முழங்கைக்கு மேலே எலும்பு விரிசல், நெற்றியில் நான்கு தையல். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுகந்தி உட்கார்ந்திருந்தபோது, எதிர்ச் சுவரோரம் மரகதம் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். தலையில் ரத்தக் கட்டோடு பொன்னுசாமி படிக்கட்டில் நின்றார். நேரம் ஆக ஆக ஒவ்வொருவராக வந்தார்கள். யார் சொன்னது, எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. வராந்தா நிறைந்துவிட்டது. எல்லோரும் வலது கையால் இடது மணிக்கட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சுகந்தி குனிந்து பார்த்தாள். அவளும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

*

தண்டபாணி கம்பெனியோடு இரண்டு நாள் பேசினார். மூன்றாம் நாள் சுகந்தி முன்னால் வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"ஒத்துக்கிட்டாங்க. போலீசுக்குப் போக மாட்டாங்க, கடையையும் மூட மாட்டாங்க. திங்கக்கெழம பதினோரு மணிக்கு மேலயிருந்து ஆர்டர் எறக்கறாங்க. பத்தொம்பது பேருக்கும் பரிச்சயமும் வழிப் பழக்கமும் தொடச்சுப் போயிரும், எங்க இருந்தாலும் சரி. காத்துலயே வந்துரும்."

"நல்லதுதானுங்கண்ணா."

"அம்மிணி, ஆர்டர் ஆளப் பாத்து வர்றதில்ல. நம்பரப் பாத்து வர்றது. இமேஜ் எடுத்தா நம்பரும் கூடவே போகுமில்ல? அவுங்க சர்வர்ல பத்தொம்பது பேரும் நீயும் ஒரே நம்பரு. எது அசல், எது நகல்னு அதுக்குத் தெரியாது. இருவதுக்கும் போகும்."

சுகந்தி காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"பேக்கப்?"

"அவுங்ககிட்ட இருக்கறதும் அதே நம்பரு, அதுவும் சேந்து போயிரும். நம்ம கடை டிஸ்க்க அவுங்க ஆளே வந்து பக்கத்துல உக்காந்து அழிக்கப் போறான். அதுதான் பேச்சு."

"பழகிக்குமில்லீங்கண்ணா? ஆறு மாசத்துல?"

"பழகிக்கும் அம்மிணி. ஏன் பழகாது! பத்து மாசம் சொமந்தவ நீ." தண்டபாணி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இத்தனை பேரை எழுப்பி உட்காரவைத்தவர் அவர், அவருக்குத் தெரியாததா?

சுகந்தி அன்று முழுக்க யோசித்தாள். வேண்டாம் என்றால் பத்தொன்பது பேரும் வருவார்கள். இன்று ஸ்கூட்டர், நாளைக்கு லாரியாக இருக்கலாம். பிள்ளை மேல் இருக்கிற பாசமே அந்தப் பாசத்தை விட்டுக்கொடு என்று சொன்னது. அழுது முடித்துவிட்டுச் சரி என்றாள்.

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. சுகந்தியால் அப்படி இருக்க முடியவில்லை. எனக்கு மட்டும் முன்கூட்டித் தெரிந்திருப்பது என்ன நியாயம் என்று, பத்தொன்பது பேருக்கும் போன் போட்டுச் சொன்னாள். சிலர் திட்டினார்கள். பொன்னுசாமி பாதியிலேயே போனை வைத்துவிட்டார். மரகதம், "அவ மூஞ்சியப் பாத்தா ஒண்ணுமே தோணாம நான் எப்பிடியக்கா உசிரோட இருப்பேன்?" என்று கேட்டாள். சுகந்தியும் அதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செல்லமுத்து மட்டும் நேரில் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றார்.

"எனக்கு வேண்டாமுங் அம்மிணி. எடுக்க வேண்டாமுங்."

"அவ என் பொண்ணுங்க." சுகந்திக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"தெரியுமுங். என் பொண்ணில்லைன்னு எனக்குத் தெரியாதுங்களா? நான் கிட்டக்கூட வரலைங்க, எட்ட நின்னுதான் பாத்தேன். அறுவது வருசமா இப்பிடி ஒண்ணு மனுசனுக்குள்ள இருக்கும்னே எனக்குத் தெரியாதுங். இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனி இல்லாம எப்பிடிங்க?"

"எங்கையில இல்லைங்க. மேலிருந்து வருது," என்றாள் சுகந்தி. "காத்துல வருது. என்னால நிறுத்த முடியாது."

அவர், "காத்துலயா?" என்று கேட்டுவிட்டு, காதுக்குப் பின்னாலிருந்த வட்டத்தை விரலால் அளந்து பார்த்தார். பிறகு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆதிரை கட்டுப்போட்ட கையோடு தூங்கிக்கொண்டிருந்தபோது, சுகந்தி நோட்டை எடுத்துத் தனக்குத்தானே எழுதினாள். தலை வாருகிறபோது வலது பக்கத்திலிருந்து தொடங்கு. முருங்கைக்காய் போட்டால் தோலை உரித்துச் சதையை மட்டும் கொடு. பல்லியைக் கண்டால் பயப்படுவாள், கேலி செய்யாதே. தூங்கும்போது உன் காது மடலைப் பிடித்துக்கொள்வாள், கையை எடுத்துவிடாதே. பள்ளியில் நடந்ததைச் சொல்லும்போது முழுசாகக் கேள். நான்கு பக்கம் வந்தது. எழுதி முடித்ததும் பக்கத்தில் படுத்து, பிள்ளையின் உச்சந்தலையை முகர்ந்து பார்த்தாள். இந்த வாசனை நாளைக்கும் இருக்கும், நான்தான் இருக்க மாட்டேன் என்று நினைத்தாள்.

*

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஒன்றுமே நடக்கவில்லை. காதுக்குப் பின்னால் லேசாகச் சூடு, அவ்வளவுதான். சுகந்தி கட்டிலிலிருந்து எழுந்து தண்ணீர் குடித்தாள். தண்டபாணி ஏன் தன்னையே உற்றுப் பார்க்கிறார் என்று முதலில் விளங்கவில்லை.

"நல்லா இருக்கனுங்கண்ணா," என்றாள். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. பத்து நாளாக நெஞ்சிலிருந்த பாரம் போயிருந்தது.

மூன்றரைக்குப் பள்ளி வாசலில் பெற்றோர்கள் மட்டும் நின்றார்கள். ஒரு சின்னப் பெண் கையில் கட்டோடு வெளியே வந்தாள். ஆதிரை. சொந்த மகள். ஏழு வயது, ஓ பாசிட்டிவ். எல்லாம் சரியாகத் தெரிந்தது. சுகந்தி பையை வாங்கிக்கொண்டாள்.

நோட்டில் இருந்தபடி எல்லாவற்றையும் செய்தாள். ஒன்று விடவில்லை. வலது பக்கத்திலிருந்து வாரினாள். முருங்கைக்காய்த் தோலை உரித்தாள். படுத்ததும் காதைக் கொடுத்தாள். சின்ன விரல்கள் கொஞ்ச நேரம் காது மடலைத் தடவிப் பார்த்தன. பிறகு தாமாகவே விலகிக்கொண்டன.

"அம்மா, நீ டீச்சர் மாதிரி இருக்கே" என்றாள் ஆதிரை.

"டீச்சர் நல்லவங்கதான கண்ணு?"

"நல்லவங்கதான்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது பிள்ளை.

மாதம் மூன்று போயிற்று. பழகும் என்று சுகந்தி முதலில் காத்திருந்தாள், பிறகு காத்திருப்பதை மறந்துவிட்டாள். கடையில் கூட்டம் குறையவில்லை. அவளுக்கு இப்போது மூன்று மணியானால் கால் தானாக எழுவதில்லை, போனில் அலாரம் வைத்திருந்தாள். சில நாள் அலாரத்தை அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள். அப்படி ஒருநாள் அவள் பள்ளிக்குப் போனபோது மணி நாலே கால்.

வாசலுக்கு உள்ளே, வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஆதிரை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் செல்லமுத்து. பிள்ளை ஏதோ பள்ளிக்கூடத்துக் கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சுகந்தியைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மிணி. ஒரு மாசமா பாதி நாளு தனியா உக்காந்திருக்குதுங் பிள்ளை. பாக்க முடியலீங்க. வாட்ச்மேன் தம்பி கண்ணு முன்னாலதானுங் உக்காந்திருக்கோம்."

சுகந்திக்கு ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. ஆனால் ஒரு விஷயம் கணக்குக்கு வரவில்லை. இவருக்கும்தானே துடைத்தது? அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். இடது காதுக்குப் பின்னால் பித்தளை மூடி ஒன்று பளபளத்தது. கச்சிதமான வேலை, ஒரு மயிரிழை இடைவெளி இல்லை.

"காத்துலதான் வரும்னு சொன்னீங்களே. ஞாயித்துக்கெழம பூரா ஒக்காந்து லேத்துல கடைஞ்சனுங். உள்ள ஈயம் வெச்சிருக்கு. இதுவரைக்கும் கழட்டலீங்க. மூடி போட்டதால புதுசு எதுவும் எறங்கறதில்ல, வழியெல்லாம் பழசாப் போச்சு, அடிக்கடி தொலைஞ்சு போறேன். அது பரவாயில்லீங்க." அவர் தயங்கினார். "நீங்க போன் போட்டுச் சொல்லாமயிருந்தா எனக்கும் போயிருக்குமுங். அதனால கேக்கறேன். எங்கிட்ட இருக்கறது உங்குளுதுதான். எடுத்துப் போட்டுக்குங்க. மூடிய உங்க காதுக்கு அளவெடுத்து நானே செஞ்சு தர்றேன்."

தொழில்காரியாக சுகந்தி யோசித்தாள். முடியும். அவர் மூடியைக் கழற்றி இமேஜ் எடுத்து, தன் சில்லில் இறக்கி, உடனே மூடி போட்டுவிட்டால் போதும். ஆறு மணி நேர வேலை. ஆனால் அவருக்குத் திரும்ப மூடி போடுவதற்குள், மூன்று மாதமாக மேலே காத்திருக்கும் ஆர்டர் இறங்கிவிடும். "எடுத்தா உங்களுக்குப் போயிருமுங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டதான் இருக்கும்" என்றாள்.

"தெரியுமுங்." கிழவருக்குக் கண் கலங்கியது. "பெத்தவங்ககிட்டதானுங் இருக்கோணும். எனக்கு இந்த மூணு மாசமே போதும்."

ஆதிரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. எழுந்து வந்து, கட்டுப் பிரித்த கையால் செல்லமுத்துவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்காதீங்க அப்புச்சி" என்றாள். "குடுத்தா நீங்களும் அம்மா மாதிரி ஆயிருவீங்க."

செல்லமுத்து தலையைத் திருப்பிக்கொண்டார்.

இது தனக்கு வலிக்க வேண்டிய இடம் என்று சுகந்திக்குத் தெரிந்தது. வலிக்கட்டும் என்று நின்று பார்த்தாள். வரவில்லை. ஒரு வேலை குறைந்தது என்ற நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதி தப்பு என்பதும் தெரிந்தது, ஈரெட்டுப் பதினாறு என்று தெரிவது மாதிரி.

"சரி கண்ணு, வேண்டாம்" என்றாள். பையை அவரிடமே கொடுத்தாள். கணக்கு ஹோம்வொர்க் இருக்கிறது, ஏழு மணிக்குள் வீட்டில் விட்டால் போதும், நாளையிலிருந்து நீங்களே மூன்றரைக்கு வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். பிள்ளை அதற்குள் அவர் விரலைப் பிடித்து ரோட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கிழவர் கும்பிட முயன்றார், ஒரு கைதான் கிடைத்தது.

வாட்ச்மேன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "தெனமும் கூட்டிட்டுப் போறதுன்னா பேரு எழுதோணுமுங்க. செல்லமுத்து. சரி. பிள்ளைக்கு என்ன மொறைன்னு போடட்டும்? தாத்தாவா?"

சுகந்தி ஒரு நொடி யோசித்தாள். பதிவேட்டில் தகவல் சரியாக இருக்க வேண்டும் என்பதில் அவள் எப்போதும் கறார்.

"அம்மான்னு போட்டுக்குங்க."

வாட்ச்மேன் சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சுகந்திக்கு விளங்கவில்லை. கடையில் ஒரு ஆள் விழுங்கத் தெரியாமல் கிடந்தான். அவள் கையெழுத்தைப் போட்டுவிட்டு வேகமாக நடந்தாள்.